பால் நரம்பும் கால் நரம்பும்

மாடு பிடிக்கப் போகிறவர்கள் பல்லைப் பார்ப்பார்கள், சுழியைப் பார்ப்பார்கள், மடியைப் பார்ப்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் குனிந்து, மடிக்கு முன்னால் வயிற்றடியில் ஓடுகிற பால் நரம்பையும் தடவிப் பார்ப்பார்கள். அது விரல் தடிமனுக்குப் புடைத்து, வளைந்து நெளிந்து போனால் நல்ல கறவை என்று ஆயிரம் இரண்டாயிரம் கூடவே கொடுப்பார்கள். பால் நரம்பு என்று பேர்தானே தவிர அதில் பால் ஓடுவதில்லை. மடிக்கு வந்த ரத்தம் இதயத்துக்குத் திரும்பிப் போகிற வழி அது. ஒரு லிட்டர் பால் ஊற 400, 500 லிட்டர் ரத்தம் மடி வழியாகப் போய் வர வேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வார்கள். போன ரத்தம் அத்தனையும் திரும்பியாக வேண்டுமே, அதனால்தான் அந்தக் குழாய் அவ்வளவு பெருக்கிறது.

அதே மாதிரி நெளிந்து புடைத்த குழாய் ஒரு பெண்ணின் காலில் இருந்தால் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. புடவைக்குள் மறைந்து கிடக்கும். நடவு வயலில் சேலையைத் தூக்கிச் செருகும்போதுதான் வெளியே தெரியும். எங்கள் நடவுக் கூட்டத்தில் பன்னிரண்டு பேர். அதில் நான்கு பேருக்கு இருக்கிறது. நான் அதில் ஒருத்தி.

எனக்கு 53 வயது. மன்னார்குடிப் பக்கம் ஆறு மா நிலம். பதின்மூன்று வயதில் அம்மாவோடு நாற்றுப் பறிக்கப் போனது முதல் சேற்றில்தான் வாழ்க்கை. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது இடது காலில் முழங்காலுக்குக் கீழே உட்பக்கமாக நெளிநெளியாகத் தெரிய ஆரம்பித்தது. "நரம்பு சுருட்டிக்கிச்சு, பிள்ளை பெத்தா சரியாப் போயிடும்" என்றார்கள். பிள்ளை பிறந்தது, சுருட்டல் அப்படியே இருந்தது. சாயங்காலம் ஆனால் கால் கனக்கும். ராத்திரி கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். வேலை செய்கிற காலுக்கு வலி இருக்கத்தானே செய்யும் என்று எல்லோரும் போலத்தான் நானும் இருந்தேன்.

நரம்பு என்கிற இந்த வார்த்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நமக்கு எல்லாமே நரம்புதான். வெண்டை இலையில் ஓடுவதும் நரம்பு, அது வெளுத்துப் போனால் மஞ்சள் நரம்புத் தேமல் நோய். வீணையில் கட்டுவதும் நரம்பு. ஊசி போடும்போது கையில் தேடுவதும் நரம்பு. ஆனால் உடம்பில் நரம்பு என்பது மூளையிலிருந்து போகிற கம்பி மாதிரி. அதில் ரத்தம் ஓடாது. ரத்தம் ஓடுகிறவை ரத்தக் குழாய்கள். இதயத்திலிருந்து வெளியே போவது தமனி, இதயத்துக்குத் திரும்பி வருவது சிரை. நம் காலில் சுருட்டிக்கொள்வது சிரை. இதைப் படிப்புக்காகச் சொல்லவில்லை. "நரம்பு சுருட்டல்" என்று நாம் போய்ச் சொன்னதுமே நரம்புக்குச் சத்து மாத்திரை, நரம்புக்கு ஊசி, நரம்புத் தைலம் என்று ஆரம்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மாத்திரையை வருடக் கணக்கில் தின்றாலும் ரத்தக் குழாய்க்கு அதனால் ஒன்றும் ஆகப் போவதில்லை.

என் அம்மாவுக்கும் இதே கால்தான். அவளுக்குக் கணுக்காலுக்கு மேலே, உட்பக்கம், உள்ளங்கை அகலத்துக்குப் புண். பதினொரு வருடம் இருந்தது. சேத்துப்புண் என்று மருதாணியும் மஞ்சளும் அரைத்துப் போட்டார்கள். சர்க்கரைப் புண் என்றார்கள், சோதித்தால் சர்க்கரை இல்லை. யானைக்கால் என்றார்கள், அதற்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், இல்லை. கடைசியில் செய்வினை என்று ஒருவர் வந்து வாசலில் தோண்டக்கூடச் செய்தார். மாத்திரையைப் பொடி பண்ணி மேலே தூவுவது, துணி கிழித்துக் கட்டுவது, கோடையில் கொஞ்சம் மூடுவது, நடவு வந்ததும் திரும்பத் திறப்பது. அதிலிருந்து நீர் வடியும், வாடை வரும். கல்யாணம் காட்சி என்றால் அம்மா பந்தலின் கடைசி ஓரத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள், காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு. பேரப்பிள்ளைகளை மடியில் வைக்க மாட்டாள். 2009-ல் அம்மா போய்ச் சேர்ந்தாள், வேறு நோயில். அன்றைக்கும் புண் ஆறியிருக்கவில்லை.

எனக்கு 2019 குறுவை அறுப்பில், அறுத்த தாள் குத்தி, அம்மாவுக்கு இருந்த அதே இடத்தில் ஒரு கீறல். பட்டாணி அளவு. அதற்கு முன்பே அந்த இடம் கறுத்துத் தோல் தடித்து, அரிப்பு எடுத்துக்கொண்டிருந்தது. கரப்பான் என்று களிம்பு தடவிக்கொண்டிருந்தோம். கீறல் ஒரு மாதத்தில் ரூபாய் நாணயம் அளவு ஆனது. பக்கத்து ஊரில் ஒரு கிளினிக்கில் ஏழு மாதம் கட்டுப் போட்டார்கள். மூன்று தடவை சர்க்கரை பார்த்தார்கள். வாரா வாரம் ஊசி. அந்த ஏழு மாதத்தில் ஒரு நாளும் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் காலைப் பார்க்கவில்லை. படுக்க வைத்துத்தான் பார்த்தார்கள். படுத்தால் புடைப்பு வற்றிப் போகும், ஒன்றும் தெரியாது. இந்த ஒன்றை மட்டும் படிக்கிறவர்கள் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். காலில் இப்படி இருந்தால், மருத்துவரிடம் "நான் நின்னுகிட்டுக் காட்டுறேன்" என்று நீங்களே சொல்லுங்கள்.

பிறகு மாவட்டத் தலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டரம்மா முதலில் செய்த காரியம், "அம்மா, அந்த ஸ்டூல் மேல ஏறி நில்லுங்க" என்றதுதான். ஐந்து நிமிடம் நிற்க வைத்தார். பிறகு குனிந்து, பாதத்தின் மேல் விரல் வைத்து நாடி ஓடுகிறதா என்று பார்த்தார். அதன் பிறகு டாப்ளர் ஸ்கேன். ஊசி இல்லை, வலி இல்லை, வயிற்றுக்கு ஸ்கேன் எடுப்பது மாதிரிதான், காலில் எடுக்கிறார்கள். திரையில் ரத்தம் மேலே போவது ஒரு நிறத்திலும், கீழே வழிவது ஒரு நிறத்திலும் தெரியும். எனக்குத் தொடையிடுக்கிலிருந்து கணுக்கால் வரை ஓடுகிற பெரிய சிரையில் ரத்தம் கீழ்நோக்கி வழிந்துகொண்டிருந்தது. "உள்ள வால்வு வேலை செய்யலம்மா" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் வீட்டுக்காரருக்கு உடனே புரிந்துவிட்டது. "இந்தா பாரு, நம்ம மோட்டாருக்கு ஃபுட் வால்வு போனா என்ன ஆகும்?" என்றார்.

கிணற்றில் மோட்டார் வைத்திருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உறிஞ்சு குழாயின் அடியில் ஃபுட் வால்வு இருக்கிறது. தண்ணீரை மேலே விடும், கீழே விடாது. அதில் ஒரு குச்சியோ கல்லோ மாட்டிக்கொண்டால் நின்ற தண்ணீர் இறங்கிவிடும், மறுநாள் மோட்டார் போட்டால் வெறுமனே சுற்றும், குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். காலில் இருக்கிற சிரைக்குள்ளும் அதே வேலை செய்கிற வால்வுகள் இருக்கின்றன. வித்தியாசம், கிணற்றுக் குழாய்க்கு அடியில் ஒன்றுதான். காலில் வழி நெடுக ஒன்றன் மேல் ஒன்றாக வைத்திருக்கிறது. ஒவ்வொன்றும் மெல்லிய சவ்வு, இரண்டு இதழ். ஒன்று பழுதானால் அதன் மேல் நிற்கிற ரத்தத்தின் பாரம் அடுத்ததன் மேல் விழும். குழாய் விரியும், விரிந்தால் இரண்டு இதழும் ஒட்டாது, அதுவும் ஒழுகும். இப்படிப் படிப்படியாகக் கீழே வருகிறது.

மோட்டார் எது என்று கேட்டால் எல்லோரும் இதயம் என்பார்கள். அது ரத்தத்தை அனுப்புகிற மோட்டார். நிமிடத்துக்குச் சுமார் ஐந்து லிட்டர் தள்ளுகிறது, உடம்பில் இருக்கிற மொத்த ரத்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் பாதம் வரை போன ரத்தம் நான்கு அடி ஏறித் திரும்ப வேண்டும். அந்த ஏற்றத்துக்குப் பெரிய துணை கெண்டைக்கால் சதை. நடக்கும்போது சதை இறுகி, உள்ளே ஓடுகிற சிரையை அமுக்கி, ரத்தத்தை மேலே பிதுக்குகிறது. சதை தளரும்போது வால்வு மூடிக்கொள்வதால் ரத்தம் கீழே வராது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு இறைப்பு. அசையாமல் நின்றால் அந்த மோட்டார் ஓடாது. ரத்தக் கொதிப்புக்கு 120, 80 என்று அளக்கிறார்களே, அதே அளவையில் சொன்னால், அசையாமல் நிற்கிற ஒருவரின் கணுக்கால் சிரையில் 80 முதல் 90 வரை அழுத்தம் நிற்கிறது. நடக்க ஆரம்பித்தால் நல்ல காலில் அது 30-க்குக் கீழே இறங்கிவிடும். வால்வு கெட்ட காலில் நடந்தாலும் அவ்வளவு இறங்காது. ராத்திரி படுக்கிற வரை அந்தப் பாரம் கணுக்காலில் உட்கார்ந்திருக்கும்.

அந்தப் பாரத்தில்தான் நீர் கசிந்து கால் வீங்குகிறது. சிவப்பணுக்களும் கசிந்து தோலுக்கடியில் உடைகின்றன. அவற்றில் இருக்கிற இரும்பு கறையாகத் தங்குகிறது. போர் தண்ணீர் விழுகிற சிமென்ட் தொட்டியில் செம்பழுப்பாக ஏறிக் கிடக்குமே, கிட்டத்தட்ட அதுதான் என் கணுக்காலில் இருந்த கறுப்பு. தோல் இறுகி, ஊட்டம் கெட்டு, தாள் குத்தினதே சாக்காகப் புண் திறந்துகொண்டது. அம்மாவின் புண்ணுக்கு மேலே என்ன அரைத்துப் பூசியும் ஆறாததற்குக் காரணம் இதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. புண் இருந்தது கணுக்காலில், பழுது இருந்தது தொடையில். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

விலங்கியல் படித்த என் மகன் வீட்டுக்கு வந்ததும் இன்னொரு கதை சொன்னான். இந்தச் சிரை வால்வுகளைப் பற்றி இத்தாலியில் பதுவா ஊரில் ஃபாப்ரீசியஸ் என்ற ஆசிரியர் 1603-ல் புத்தகமே போட்டிருக்கிறார். ஆனால் ரத்தம் காலில் போய்க் குவிந்துவிடாமல் தடுத்து நிறுத்துகிற தடுப்புகள் என்றுதான் அவர் நினைத்தார். அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேயர்தான் அவை ஒருவழிக் கதவுகள் என்று கண்டு 1628-ல் எழுதினார். அதுவரை, சாப்பாட்டிலிருந்து ஈரல் ரத்தம் செய்கிறது, உடம்பு அதைச் செலவழித்துவிடுகிறது என்றுதான் மேல்நாட்டில் படித்துவந்தார்கள். ஹார்வி ஒரு விவசாயிக் கணக்குப் போட்டார். இதயம் ஒரு துடிப்புக்கு இவ்வளவு தள்ளினால் அரை மணி நேரத்தில் எவ்வளவு? உடம்பில் இருக்கிற மொத்த ரத்தத்தை விட அதிகம். கிணற்றில் இருக்கிற தண்ணீரை விட அதிகமாக மோட்டார் இறைத்துக்கொண்டே இருக்கிறது என்றால், இறைத்த தண்ணீரே திரும்பக் கிணற்றுக்கு வருகிறது என்றுதானே அர்த்தம்?

அவர் செய்து காட்டியதை நாமும் செய்யலாம். முழங்கைக்கு மேல் துண்டை லேசாகக் கட்டிக் கையைத் தொங்கவிடுங்கள். முன்னங்கையில் சிரைகள் எழும்பும், அங்கங்கே சின்ன முடிச்சு மாதிரி தெரியும். அவைதான் வால்வு இருக்கிற இடம். மணிக்கட்டுப் பக்கம் சிரையின் மேல் ஒரு விரலை அழுத்தி வைத்து, இன்னொரு விரலால் முழங்கைப் பக்கமாக அடுத்த முடிச்சைத் தாண்டும் வரை வழித்து விடுங்கள். பிறகு வழித்த விரலை எடுங்கள். ரத்தம் முடிச்சு வரைதான் வந்து நிற்கும், கீழே இறங்காது. நடுவில் சிரை வற்றிக் கிடக்கும். கீழ் விரலை எடுத்தவுடன் சட்டென்று நிறையும். ஒரு நிமிடம் போதும், துண்டை அவிழ்த்துவிடுங்கள். என் பேரன் இதைத் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் செய்து காட்டிக்கொண்டிருந்தான்.

பள்ளிக்கூடத்தில் நாம் படித்தபோது தமனியில் நல்ல ரத்தம், சிரையில் கெட்ட ரத்தம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பாடமும் ஒரு வகையில் கெடுதல் செய்திருக்கிறது. காலில் கெட்ட ரத்தம் தேங்கியிருக்கிறது, கீறி வெளியே விட்டால் சரியாகிவிடும் என்று இன்னும் சொல்கிறவர்கள் உண்டு. அது பிராணவாயு குறைந்த ரத்தம், அவ்வளவுதான். நுரையீரலுக்குப் போனால் திரும்ப நல்ல ரத்தம். அதைக் கீறிவிடுவதால் வால்வு சரியாகாது, புதிதாக ஒரு புண்தான் வரும்.

இனி வைத்தியம். எனக்கு முதலில் அழுத்தக் கட்டு. கால்விரல் அடியிலிருந்து முழங்கால் வரை, கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் அடுக்கடுக்காகச் சுற்றினார்கள். வாரம் ஒரு முறை போய் மாற்ற வேண்டும். அங்கே பூசிய மருந்து சொற்பம். "இதுல மருந்தே இந்தக் கட்டுதாம்மா" என்றார் டாக்டரம்மா. நான்காவது மாதம் புண் மூடியது. ஆனால் ஒரு எச்சரிக்கை. பாதத்துக்கு ரத்தம் கொண்டுவருகிற தமனியில் அடைப்பு இருந்தால், புகைபிடிக்கிறவர்களுக்கும் நீண்ட நாள் சர்க்கரை இருக்கிறவர்களுக்கும் அப்படி இருக்கலாம், இறுக்கிக் கட்டினால் கால் அழுகிவிடும். பாதத்தில் நாடி பார்த்தது அதற்காகத்தான். கடையில் கட்டுத்துணி வாங்கி வீட்டில் நாமே இறுக்கிக்கொள்கிற வேலை வேண்டாம்.

புண் ஆறிய பிறகு அறுவை சிகிச்சை. தொடையிடுக்கில் அந்தச் சிரையைக் கட்டி, முழங்கால் வரை உருவி எடுத்தார்கள். முதுகில் ஊசி போட்டு மரத்துப் போகச் செய்ததால் வலி தெரியவில்லை. மூன்று நாள் வார்டில் இருந்தேன், செலவு பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும்தான். இப்போது லேசர், ரேடியோ அலை என்று குழாய்க்குள் கம்பி விட்டுச் சூடு கொடுத்து மூடுகிறார்கள், நுரை மருந்தை ஊசியில் ஏற்றியும் மூடுகிறார்கள். தனியாரில் அதற்குப் பெரிய தொகை கேட்பார்கள். அரசு ஆஸ்பத்திரியில் எது இருக்கிறது, காப்பீட்டு அட்டையில் எது வரும் என்று அங்கேயே காப்பீட்டுக்கு உட்கார்ந்திருக்கிறவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஊருக்கு வந்ததும் வரப்பில் என்னைச் சுற்றிக் கேட்ட கேள்விகள் இன்னும் காதில் நிற்கின்றன. "ரத்தக் குழாயையே எடுத்துட்டா ரத்தம் எப்பிடிக்கா மேல போவும்?" என்றாள் ஒருத்தி. காலில் திரும்புகிற ரத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு சதைக்குள் ஆழமாக ஓடுகிற சிரைகளில்தான் போகிறது. தோலுக்கடியில் ஓடுவது கண்ணி வாய்க்கால் மாதிரி. உடைந்துபோன கண்ணி வாய்க்காலை அடைத்துவிட்டால் தண்ணீர் பெரிய வாய்க்காலில் ஒழுங்காகப் போகும். அந்தப் பெரிய வாய்க்கால் நன்றாக இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்துவிட்டுத்தான் இதைச் செய்வார்கள். "திரும்ப வராதா?" என்றார்கள். வரலாம். வேறு சிரை சுருட்டிக்கொள்ளலாம், பிறவி வாகு அப்படி. அதனால்தான் இன்னமும் அழுத்தக் காலுறை போடுகிறேன்.

அந்தக் காலுறையைப் பற்றி ஆஸ்பத்திரியில் சொல்லாத விஷயங்களை நான் சொல்கிறேன். ஒரு ஜோடி 1,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். காலையில் படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்னால், கால் வடிந்திருக்கும்போதே போட்டுக்கொள்ள வேண்டும். எழுந்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வந்து போட்டால் ஏறாது. கொஞ்சம் பவுடர் தடவிக்கொண்டால் ஏறும். சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு இருப்பது தண்டனைதான். சேற்றில் இறங்க முடியாது. ஆறேழு மாதத்தில் இறுக்கம் போய்விடும், புதிது வாங்க வேண்டும். இவ்வளவு இருந்தும் போடுகிறேன், போடாத நாளில் சாயங்காலம் கால் சொல்லிவிடுகிறது.

"நிக்காதீங்க" என்று டாக்டர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். நிற்காமல் நமக்கு ஏது சோறு? ஆனால் கவனித்துப் பார்த்ததில், நடவிலும் களையெடுப்பிலும் காலைச் சேற்றிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி வைப்பதால் கெண்டைக்கால் வேலை செய்கிறது. களத்தில் நெல் தூற்றும்போது, கொள்முதல் நிலைய வாசலில் காத்துக் கிடக்கும்போது, ரேஷன் வரிசையில், கல்யாண வீட்டு அடுப்படியில், அசையாமல் நிற்கிறோமே, அப்போதுதான் கால் அதிகம் கனக்கிறது. அங்கே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினால் மோட்டார் ஓடும். எங்கள் நடவுக் கூட்டத்தில் இப்போது வெற்றிலை போடுகிற நேரத்தில் நாலு பேரும் வரப்பு ஓரமாகப் படுத்து, காலை வரப்பின் மேல் தூக்கி வைத்துக்கொள்கிறோம். கால் நெஞ்சுக்கு மேலே இருக்க வேண்டும், பத்து நிமிடம். முதலில் ஆண்கள் சிரித்தார்கள். அப்புறம் பழகிவிட்டது. ராத்திரி கட்டிலில் படுக்கிறவர்கள் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தலாம், பாயில் படுக்கிறவர்களுக்கு மடித்த சாக்கு போதும்.

எண்ணெய் தேய்த்துவிடலாமா என்று கேட்கிறார்கள். வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவினால் அரிப்புக்கு நல்லது. ஆனால் புடைப்பின் மேல் அழுத்தி நீவக் கூடாது. அதைவிட முக்கியம், ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் வலித்துச் சூடாக இருந்தால், அது சுளுக்கு என்று நீவிவிடவே கூடாது. ஆழமான சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் கட்டி கிளம்பிப் போய் நுரையீரலில் அடைத்தால் மூச்சுத் திணறி உயிர் போகும். பிரசவம் ஆனவர்கள், பெரிய ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தவர்கள், கால் உடைந்து மாவுக்கட்டுப் போட்டவர்களுக்கு இது வரும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

இன்னொன்று, புடைத்த சிரை உரசியோ கீறியோ உடைந்தால் ரத்தம் பீய்ச்சி அடிக்கும். பார்த்தவர்கள் பதறி, உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள், மேலே தொடையில் கயிற்றைக் கட்டுவார்கள். இரண்டும் வேண்டாம். உடனே படுக்க வைத்துக் காலை உயரத் தூக்கிப் பிடித்து, ரத்தம் வருகிற இடத்தின் மேல் சுத்தமான துணியை வைத்துக் கையால் அழுத்துங்கள். கால் உயர்ந்தாலே பாதி நின்றுவிடும். அழுத்தியபடியே வண்டி ஏற்றுங்கள். உட்கார்ந்தபடி, நின்றபடி இருந்தால் உயிருக்கே ஆபத்து.

இப்போது என் கவலையெல்லாம் மகளைப் பற்றி. 24 வயது. டவுனில் ஒரு ஜவுளிக் கடையில் புடவைப் பிரிவில் வேலை. காலை ஒன்பதரைக்கு ஏறினால் ராத்திரி ஒன்பது. சேற்றில் இறங்காத வேலை என்று நான்தான் சந்தோஷப்பட்டு அனுப்பினேன். போன ஐப்பசியில் வீட்டுக்கு வந்தபோது முழங்காலுக்குப் பின்னால் பார்த்தேன், பச்சையாக நெளிந்து ஓடுகிறது. அம்மா காலில், என் காலில், இப்போது அவள் காலில். நடவிலாவது கால் அசைகிறது. அங்கே ஒரே இடத்தில் நிற்கிறாள்.

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று நம் தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தமே வந்திருக்கிறது. கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது, அதற்காக அங்கே ஜவுளிக் கடைப் பெண்கள் போராடினார்கள். மகளிடம் கேட்டேன். "ஸ்டூல் இருக்கும்மா. கேமரா பார்த்துக்கிட்டே இருக்கும். உக்காந்தா ஃப்ளோர் மேனேஜர் வந்து நிப்பாரு" என்றாள். மதியம் ஆளில்லாத நேரத்தில் புடவை மடிக்கிற வேலையை உட்கார்ந்தே செய்ய விடலாமே என்று அவளும் கூட வேலை செய்கிற ஆறு பெண்களும் சேர்ந்து முதலாளி வீட்டம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள். முடியாது என்று அவர் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

அவளுக்கு இன்னும் கறுப்பு விழவில்லை, வீக்கம் இல்லை, புண் வர நாள் இருக்கிறது. அதற்குள் பார்த்துவிட வேண்டும். ஸ்கேனுக்குத் தேதி வாங்கியாகிவிட்டது, தை பதினெட்டு. பொங்கல் விற்பனை முடிந்தால்தான் லீவு என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அதுவரை தினம் ராத்திரி போனில் கேட்டுக்கொண்டிருக்கிறேன், காலைத் தூக்கி வைத்தாளா என்று.